பயிற்சி போதும், ஓலை வேண்டும்

மதிப்பிற்குரிய செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

மாமல்லபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் இடையே உள்ள ஒரு கடற்கரை ஊரிலிருந்து எழுதுகிறேன். நான் கூடை முடைகிறவள். சமையல் முடிந்து, பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பும்வரை கிடைக்கிற மதியப் பொழுதில் என்னோடு திண்ணையில் உட்கார்ந்து முடைகிற பெண்களுக்காகவும் சேர்த்தே எழுதுகிறேன். அவர்களில் சிலர் பனை ஓலையில் முடைகிறார்கள், சிலர் ஒயரில். ஒரு சிலருக்கு இரண்டும் கைவரும்.

எங்களைப் போன்றவர்களுக்கு உதவ நினைக்கும் எல்லோரும் முதலில் கொண்டுவருவது பயிற்சிதான். பேனர் கட்டி, சில நாள் வகுப்பு நடத்தி, சான்றிதழ் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அவர்கள் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எங்களுக்கு முடையத் தெரியும். தெரியாத பெண்ணுக்குப் பக்கத்து வீட்டு அக்கா இரண்டு வாரத்தில் கற்றுக்கொடுத்துவிடுவார். தட்டுப்பாடெல்லாம் ஓலைக்கும், முடைந்ததை விற்க ஓர் இடத்துக்கும்தான். இந்த இரண்டிலும் உங்கள் கையெழுத்துக்குப் பலம் இருப்பதால் இம்மடல் உங்களுக்கு.

ஓலையிலிருந்து தொடங்குகிறேன். இந்த மாவட்டத்தில் ஏரிக்கரை நெடுகப் பனை நிற்கிறது. பிறகு ஓலைக்கு என்ன பஞ்சம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். மரம் இருக்கிறது, ஏற ஆள் இல்லை. 1987 முதல் கள்ளுக்குத் தடை. பதநீர் இறக்குகிறவர்களும் வருடாவருடம் குறைந்து வருகிறார்கள். மரமேறி பாளை சீவப் போகும்போது ஓலையும் கழிப்பார். அந்த ஓலை கூடைக்காரர் வீட்டுக்கு வரும். ஒரு தொழில் நின்றதும் அதை ஒட்டி வாழ்ந்த இன்னொன்றும் நின்றது. இன்று ஓலைக்காக மட்டுமே ஒருவரை ஏறச் சொன்னால், அவர் கேட்கும் கூலி நியாயமானதுதான். விழுந்தால் உயிர் போகும் வேலை அது. அந்தக் கூலியைக் கொடுத்துவிட்டுப் பெட்டியை விற்றால் முடைந்தவள் கையில் எதுவும் மிஞ்சாது.

எந்த ஓலையும் எல்லாவற்றுக்கும் ஆகாது என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். மெல்லிய பெட்டிக்கு உச்சியில் விரியாமல் நிற்கும் குருத்தோலை வேண்டும். அதை அளவோடுதான் எடுக்கலாம். ஆசைப்பட்டு அடிக்கடி வெட்டினால் மரம் தளர்ந்துபோகும். முரட்டுக் கூடைக்கு முதிர்ந்த ஓலை போதும். வெட்டியதைக் காயவைத்து, ஈர்க்கை உரித்து, ஒரே அகலத்தில் கீறி, சாயம் வேண்டுமென்றால் கொதிநீரில் போட்டெடுத்து, முடைவதற்கு முன் ஈரத்துணியில் சுற்றிப் பதமாக்க வேண்டும். எல்லாம் வெயிலை நம்பிய வேலை. ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கரையில் வெயிலேது? மழையோடு கடல்காற்றின் ஈரமும் சேர்ந்துகொண்டால் ஓலையில் பூஞ்சை பிடித்துவிடும். ஆகவே ஆண்டுக்கு வேண்டிய ஓலையைப் புரட்டாசிக்குள் காயவைத்துச் சேமித்தாக வேண்டும். ஓலைக்கு முன்பணமும், காயவைக்கக் களமும், ஒழுகாத ஓர் அறையும் இல்லாதவள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வரும் ஆர்டரைக் கைநழுவ விடுகிறாள். முடையத் தெரியாததால் அல்ல.

மூலப்பொருள் இல்லாமல் தவிப்பது எங்கள் ஊர் மட்டுமல்ல. ஆப்பிரிக்காவில் கானாவின் வடக்கே உள்ள போல்கடாங்கா ஊரின் கூடைகள் உலகமெங்கும் விலைபோகின்றன. அவற்றை முடையும் புல்லைத் தெற்கிலிருந்து வாங்கி வரவேண்டிய நிலை அங்கே. கைத்திறனைக் கொண்டாடுகிறவர்கள் புல்லையும் ஓலையையும் மறந்துவிடுகிறார்கள்.

ஏரிக்கரைப் பனை யாருடைய பொறுப்பு என்று கேட்டால், ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டுகிறது. ஆனால் 2021இல் தாக்கலான தமிழகத்தின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை, பனையை வெட்ட வேண்டுமென்றால் ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று அறிவித்தது. 76 லட்சம் பனை விதைகளும் 1 லட்சம் கன்றுகளும் வழங்கப்படும் என்றது. மாநில மரமான பனைக்குக் கிடைத்த அந்தக் காவலை மனமார வரவேற்றோம். விதைத்த பனை மரமாகிப் பாளை விடப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும். அதுவரை காத்திருக்காமல், இன்று நிற்கும் மரங்களின் ஓலையைப் பயன்படுத்த ஒரு முறை வேண்டும். ஊராட்சிவாரியாக ஏரிக்கரைப் பனைகளைக் கணக்கெடுங்கள். மரத்துக்கு ஊறு வராத அளவை வேளாண் அலுவலர்கள் சொல்லட்டும். அந்த அளவுக்கு ஓலை கழிக்கும் உரிமையை அந்தந்த ஊர் மகளிர் குழுக்களுக்கு எழுத்தில் கொடுங்கள். ஏறுகிறவருக்குப் பனைத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவும் விபத்துக் காப்பும் இருக்கிறதா என்று உங்கள் அலுவலகமே பார்க்கட்டும்.

இந்த மாவட்டத்தில் ஆட்சியரையும் ஏரிக்கரையையும் சேர்த்தே மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். 1790களில் இங்கே கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், மதுராந்தகம் ஏரிக்கரை உடையாமல் நிற்க வேண்டி மழையில் தவித்ததையும், ராமனும் லட்சுமணனும் கரையைக் காத்து நின்றதை அவர் கண்டதாகச் சொல்வதையும் ஏரிகாத்த ராமர் கோயிலில் இன்றும் கேட்கலாம். கரையைப் பற்றிக் கவலைப்பட்ட ஓர் அதிகாரியை இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஊர் மறக்கவில்லை.

ஒயர் கூடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் என்று சொல்லிச் சில கண்காட்சிகளில் அதை ஒதுக்குகிறார்கள். 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலம் தடைசெய்தது ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பொருட்களை. ஒயர் கூடையை யார் தூக்கி எறிந்தார்கள்? அம்மா முடைந்த கூடையில் மகள் காய்கறி வாங்குகிறாள். மஞ்சப்பைக்குக் கொடுக்கிற மரியாதையில் பாதியாவது இதற்குக் கொடுக்கலாம். தவிர, எங்கள் மதியங்களை நிறைப்பது இந்த ஒயர்தான். சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு பெயர். ஒருத்தி புதிதாக ஒன்றைப் போட்டுவிட்டால் அதைப் பிரித்துப் பார்க்கும்வரை மற்றவர்களுக்குத் தூக்கம் வராது. நிறச் சேர்க்கை பற்றிச் சண்டையே நடக்கும். கணவனை இழந்து வீட்டைவிட்டு வெளியே வராமல் இருந்தவர்கள்கூட அடிப்பகுதி போட்டுத் தரச் சொல்லிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். வருமானக் கணக்கில் இது எதுவும் ஏறாது. ஆனாலும் இதற்காகவே முடைகிறவர்கள் உண்டு என்பதை உங்கள் அலுவலர்கள் அறிந்திருந்தால், குழுவுக்கு ஒரு கூடம் கேட்கும்போது இவ்வளவு வியக்கமாட்டார்கள்.

இனி விற்பனை. ஒரு காலத்தில் இந்தக் கடற்கரையில் மீன்காரப் பெண்களின் தலைச்சுமைக் கூடைக்கே போதுமான கிராக்கி இருந்தது. அலுமினியத் தட்டும் பிளாஸ்டிக் டிரேயும் தெர்மோகோல் பெட்டியும் வந்தபிறகு அது போய்விட்டது. அதைத் திரும்பக் கேட்கவில்லை. ஐஸ் போட்ட மீனுக்கு ஓலை ஏற்றதல்ல. புதிய கிராக்கி எங்கள் வாசலிலேயே இருக்கிறது. 1984 முதல் உலக மரபுச் சின்னமான மாமல்லபுரத்துக்கு 2021-22இல் மட்டும் சுமார் 1.45 லட்சம் வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள். அந்த ஆண்டு தாஜ்மகாலைவிட அதிகம். அங்கே கல்லுக்கு எல்லாம் கிடைத்தது: 1957 முதல் சிற்பக் கல்லூரி, 2015இல் உலகக் கைவினை நகரம் என்ற பெயர், 2017இல் புவிசார் குறியீடு. சிற்பிகளின் உழைப்புக்கு இவை அத்தனையும் தகும். ஆனால் கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழியில் விற்கும் பைகளிலும் கூடைகளிலும் எங்கள் ஊர்ப் பெண் கை பட்டது எத்தனை என்று ஒருநாள் நடந்து பாருங்கள். முட்டுக்காட்டில் 1996 முதல் இயங்கும் தட்சிணசித்ராவில் கைவினைஞர்கள் உட்கார்ந்து செய்துகாட்டி விற்கிறார்கள். அதைப்போல மாமல்லபுரத்தில் நிழலுள்ள ஒரு திண்ணை, முறைவைத்து வாரம் ஒரு குழுவுக்கு, வாடகை இல்லாமல் வேண்டும். இடைத்தரகரிடம் விற்கும் விலைக்கும் கண்ணெதிரே முடைந்து விற்கும் விலைக்கும் உள்ள வேறுபாடே எங்களுக்கு வருமானம்.

செட்டிநாட்டுக் கொட்டான் என்னும் ஓலைக் கூடை இதற்கு நல்ல சான்று. சில வயதான ஆச்சிகளுக்கு மட்டுமே தெரிந்திருந்த ஓலைப் பின்னலை, விசாலாட்சி ராமசாமி நிறுவிய எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளை கிராமப் பெண்களிடம் சேர்த்தது. பயிற்சியோடு நிற்காமல், விற்கும் வழியையும் சேர்த்தே ஏற்படுத்தினார்கள். இன்று அதற்குப் புவிசார் குறியீடு இருக்கிறது.

கோயில்களையும் சொல்லிவிடுகிறேன். திருக்கழுக்குன்றத்திலும் தலசயனப் பெருமாள் கோயிலிலும் அர்ச்சனைப் பொருளைப் பிளாஸ்டிக் கூடையில் எடுத்துப் போகிறோம். அறநிலையத் துறையோடு பேசி, பிரசாதத்துக்கு ஓலைப் பெட்டி வாங்க ஏற்பாடு செய்தால், வருடம் முழுவதும் வேலை இருக்கும். பயணிகள் வராத மழைக்காலத்திலும் அடுப்பு எரியும்.

கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் ரூபாய் வரை கடனும் அதில் 25 விழுக்காடு, 50,000 ரூபாய் வரை மானியமும் உண்டு. நல்ல திட்டம். ஆனால் ஓலையும் சந்தையும் உறுதியாகாமல் கடன் வாங்கச் சொன்னால் எங்கள் பெண்கள் பயப்படுகிறார்கள். அவர்கள் பயம் சரியென்றே நினைக்கிறேன். முதல் இரண்டும் நடந்தால் வங்கி வாசலுக்கு அவர்களே வருவார்கள்.

பனை கழிக்க ஏற்ற காலம் தை, மாசி. கணக்கெடுப்பும் ஆணையும் அதற்குள் முடிந்தால், பங்குனி, சித்திரை வெயிலில் ஓலையைக் காயவைத்துவிடுவோம். ஊராட்சியில் பூட்டிக் கிடக்கும் ஒரு கட்டடத்தின் சாவியும் கிடைத்தால் மழைக்கு முன் அடுக்கிவிடலாம்.

இப்படிக்கு,
கடற்கரை ஊர்க் கூடைக்காரி ஒருத்தி