பாவு ஏறுமுன் பேசுங்கள்

கலியாணப் புடவையைக் கடையில் வாங்காமல், நெசவாளரிடமே சொல்லி நெய்விக்க வேண்டுமென்ற ஆசை பல குடும்பங்களில் உண்டு. ஆசைக்குத் தக்க பணம் இருப்பதுதான் அபூர்வம். "மாம்பழ நிறம், அரக்குக் கரை, கரையில் அன்னபக்ஷி, விலை மட்டும் கடைப் புடவைக்கு மேல் போகலாகாது" என்கிறார்கள். வந்த வேலையை விட மனமின்றி நெசவாளரும் தலையசைத்து விடுகிறார். பின்னால் நஷ்டப்படுவது பெரும்பாலும் அவர்தாம்.

காஞ்சிபுரத்தில் வழக்கமாக ஒரு பாவில் மூன்று புடவை நெய்வார்கள். சாயம் தோய்ப்பது, பாவு ஓட்டுவது, இழை இழையாகப் பிணைத்துத் தறியில் ஏற்றுவது எல்லாம் மூன்றுக்கும் பொதுச் செலவு. ஒருவருக்காகவே தனி நிறத்தில் பாவு போட்டால், மற்ற இரண்டு புடவைகளும் விலைபோகாமல் நெசவாளர் வீட்டுப் பெட்டியில் உறங்கும். அவருடைய முதல் அனைத்தும் அதில் முடங்கிவிடும். கோர்வைக் கரை என்றாலோ மூன்று நாடா ஓட வேண்டும். துணைக்கு ஓர் ஆளும் உட்கார வேண்டும். கூலி கூடாமல் என்ன செய்யும்?

சிறு பணத்துக்கும் வழி இருக்கிறது. பாவை விட்டு ஊடையை மாற்றுங்கள். சிவப்புப் பாவில் பச்சை ஊடை ஓடினால் ஒரு புடவை. நீல ஊடை ஓடினால் முற்றிலும் வேறொன்று. மூன்று வீட்டார் ஒரு பாவைப் பங்கிட்டுக்கொண்டு, அவரவர் மனம்போல் ஊடை சொல்லலாம். (மூன்று ஓரகத்திகள் ஒரே பாவு நிறத்துக்குச் சம்மதிப்பது நெசவைவிடக் கடினம் என்பதை நாம் அறிவோம்!) புதிய உருவுக்குப் புதிய அட்டை குத்த வேண்டும், நெசவாளரிடம் உள்ள பழைய அட்டைகளில் ஒன்றைத் தேர்ந்தால் அச்செலவு இல்லை.

பணம் அதிகம் கரைவது ஜரிகையில். அசல் ஜரிகை பட்டிழைமேல் வெள்ளி சுற்றிப் பொன்முலாம் பூசியது. வெள்ளி ஏறினால் அதுவும் ஏறும். ஆகவே ஜரிகையின் எடையையும் அன்றைய விலையையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அகன்ற போலிக் கரையைவிடக் குறுகிய அசல் கரையே நமக்கு உவப்பு.

நெசவாளர்களுக்கும் ஒரு வார்த்தை: பட்டுக்கும் ஜரிகைக்கும் போதுமான முன்பணம் வாங்காமல் சாயத்தில் கை வைக்க வேண்டாம். தோய்த்த நூலில் ஒரு துண்டைக் காட்டிச் சம்மதம் பெற்ற பிறகே பாவை ஏற்றுங்கள்.

நிற்க. ஐப்பசி கார்த்திகை மழையில் தெருவில் பாவு விரிக்க முடியாது; குழித்தறியிலும் நீர் ஊறும். தை மாதக் கலியாணத்துக்கு ஆவணியிலேயே சொல்லிவிடுவது உத்தமம்.