கூடைக்கும் இடம் உண்டா?

பொதுப் போக்குவரத்து உண்மையிலேயே பொதுவானதா என்று தெரிந்துகொள்ள அதன் கட்டணத்தை மட்டும் பார்த்தால் போதாது. மூட்டையோடும் வியர்வையோடும் ஏறுகிறவரை அந்த வண்டி எப்படி நடத்துகிறது என்றும் பார்க்க வேண்டும். சீனாவின் சோங்கிங் நகரில் கோடையில் துணி வாங்கப் போன ஒரு நாள், இதைப் பற்றி எங்களை நிறையப் பேச வைத்தது.

யாங்சியும் சியாலிங்கும் கூடும் மலை நகரம் அது. சீனர்கள் 'அடுப்பு நகரம்' என்று சொல்லும் ஊர்களில் ஒன்று. 2022 ஆகஸ்டில் அதன் பெய்பெய் பகுதியில் 45 டிகிரி வெயில் பதிவானது. நாங்கள் போன நாளில் அவ்வளவு இல்லை. ஆனாலும் மெட்ரோ நிலையத்துக்கு நடந்த பத்து நிமிடத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நான்காம் தடத்தில் ஏறி, வட்டத் தடம், முதல் தடம் என இரண்டு முறை மாறி, ஆறுகள் சேரும் முனையில் இருக்கும் சாவோத்தியன்மென் மொத்தத் துணிச் சந்தைக்குப் போனோம். பேரத்துக்கு விரல்களும் கைப்பேசிக் கணிப்பானும் போதுமாக இருந்தன.

சந்தையைவிட அந்த நான்காம் தடம்தான் எங்களுக்கு முக்கியமாகப் பட்டது. 2022-ல் அது ஷிச்சுவான் என்ற நிலையம் இருக்கும் புறநகர்ப் பக்கம் நீட்டிக்கப்பட்டது. அப்போதிருந்து சுற்றுவட்டாரத்து வயதான விவசாயிகள் முதுகில் மூங்கில் கூடையைக் கட்டிக்கொண்டு, காலை வண்டியில் காய்கறியை நகரத்துக்குக் கொண்டுவந்து விற்கிறார்கள். 'கூடை ரயில்' என்றே பெயர் விழுந்துவிட்டது. அலுவலக நேரத்தில் இடத்தை அடைக்கிறார்கள் என்று இணையத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். அவர்களும் பயணிகள்தான், கூடையைத் தடுக்க மாட்டோம் என்பதுதான் நிர்வாகத்தின் பதில்.

இதைக் கேட்டதும் எங்களுக்குக் குளச்சல் ஞாபகம் வந்தது. 2021 மே மாதம் தமிழ்நாட்டில் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானது. அதே ஆண்டு டிசம்பரில், மீன் விற்றுவிட்டு ஏறிய ஒரு மூதாட்டியை 'நாற்றம்' என்று சொல்லி இறக்கிவிட்டார்கள். அவர் பேருந்து நிலையத்தில் நின்று நியாயம் கேட்ட காணொளி பரவியது. பிறகுதான் ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அதற்கும் முன்னால், 1997-ல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தபோது, அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்றார்கள். கலவரம் வெடித்தது. கடைசியில் அரசு எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்துவிட்டது. கூடைகூட வேண்டாம், வண்டியின் நெற்றியில் ஒரு பெயர் இருந்தாலே தீட்டு!

சீனாவைச் சொர்க்கமாக்க நாங்கள் வரவில்லை. அங்கே 1958 முதல் ஹுகோவ் என்ற குடும்பப் பதிவு முறை மக்களைக் கிராமம், நகரம் என்று பிறப்பிலேயே பிரித்தது. 2014-ல் விவசாயப் பதிவு, விவசாயமல்லாத பதிவு என்ற பிரிவை நீக்குவதாக அரசு அறிவித்தது. இன்றும் வெளியூர்த் தொழிலாளியின் பிள்ளைக்குப் பெருநகரப் பள்ளியில் இடம் கிடைப்பது எளிதல்ல. வெயில் 40 டிகிரியைத் தொட்டால் வெளிவேலையை நிறுத்த வேண்டும் என்று 2012-ல் போட்ட விதி முதலாளியைத்தான் கட்டுப்படுத்தும். சோங்கிங்கில் மூங்கில் கழியில் சுமை தூக்குகிறவருக்கும் கூடை விவசாயிக்கும் முதலாளி ஏது?

ஹுகோவைச் 'சீனச் சாதி' என்று சிலர் எழுதுகிறார்கள். எங்களுக்கு அது ஒப்புதலில்லை. ஹுகோவ் அரசு எழுதிய காகிதம், அரசு நினைத்தால் திருத்தலாம். அதற்காக யாரும் தனி டம்ளர் வைப்பதில்லை. அதனால்தான் அங்கே நிர்வாகத்தின் ஒரு பதிலில் கூடைக்கு இடம் கிடைத்தது. நம் ஊரில் மீன்கூடையை இறக்கிவிடச் சொல்லி எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. அது அந்த ஊழியரின் மூக்கில் இருந்தது. ஆகவே இலவசப் பயணச்சீட்டு, அரசாணை இவற்றோடு நம் கோரிக்கை நின்றுவிடக் கூடாது. நடத்துநர் பயிற்சியில் தீண்டாமை ஒழிப்புப் பாடம் வேண்டும், புகார் கொடுத்தால் காணொளி பரவும்வரை காத்திராமல் விசாரணை வேண்டும்.

தோழர்களே, இந்தக் கோடையில் உங்கள் ஊர் நகரப் பேருந்தில் ஒரு வாரம் போய்வாருங்கள். சேரி நிறுத்தத்தில் வண்டி நிற்கிறதா, அங்கே நிழற்குடை இருக்கிறதா, மீன்கூடைக்கும் பூக்கூடைக்கும் நடத்துநர் ஒரே பதில் சொல்கிறாரா என்று தேதி, நேரம், தட எண்ணோடு குறித்து எங்களுக்கு அனுப்புங்கள்.