கத்துக்குட்டிகளின் வெற்றியும் தரகர்களின் கணக்கும்

புதுதில்லி: பலம் வாய்ந்த அணியைக் கத்துக்குட்டி அணி வீழ்த்துவது ரசிகர்களுக்குக் கொண்டாட்டம், சூதாட்டத் தரகர்களுக்கு அது வியாபாரம். ஆன்லைன் பணப் பந்தயங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தை மதிப்பிட, இந்த வியாபாரத்தின் கணக்கை அறிவது அவசியம்.

1983 உலகக் கோப்பை கிரிக்கெட்டுக்கு முன்னர் பிரிட்டிஷ் தரகர்கள் இந்தியாவுக்கு அளித்த விகிதம் 66-க்கு 1. இந்தியா வெல்லும் என ஒரு பவுன் கட்டினால் 66 பவுன் லாபம். வெற்றி வாய்ப்பு சுமார் 1.5 சதவீதமே என்பது இதன் பொருள். இறுதி ஆட்டத்தில் மேற்கிந்தியத் தீவுகளை 43 ரன்களில் வீழ்த்தி, அக்கணக்கைப் பொய்யாக்கியது கபில்தேவ் அணி.

எனினும், விகிதம் என்பது திறமையின் அளவுகோல் மட்டுமன்று. பணம் குவியும் அணியின் விகிதத்தைத் தரகர்கள் குறைப்பர். எதிரணியின் விகிதத்தை உயர்த்துவர். அனைத்து வாய்ப்புகளையும் கூட்டினால் 100 சதவீதத்தைத் தாண்டும். அந்த உபரியே அவர்களது வரும்படி. பெரும்பாலோர் பணம் கட்டிய அணி தோற்றுவிட்டால் லாபம் பன்மடங்காகும். அத்தோல்வியை முன்கூட்டியே அறிபவருக்கு அது புதையல். ஆபத்து தொடங்கும் இடமும் இதுவே.

1981 லீட்ஸ் டெஸ்டில் 'பாலோ-ஆன்' பெற்ற இங்கிலாந்துக்கு 500-க்கு 1 விகிதம் தரப்பட்டது. ஆஸ்திரேலிய வீரர்கள் லில்லி 10 பவுனும் மார்ஷ் 5 பவுனும் எதிரணி மீது கட்டினர். இங்கிலாந்து 18 ரன்களில் வென்றது. அவர்கள் வேண்டுமென்றே தோற்றதாக எவரும் நிரூபிக்கவில்லை. ஆயினும், அந்த மகத்தான வெற்றியைப் பேசும்போதெல்லாம் இந்தப் பந்தயமும் பேசப்படுகிறது.

2000-ல் தென்னாப்பிரிக்க கேப்டன் குரோனியே தரகர்களுடன் பேசியதை தில்லி போலீஸார் அம்பலப்படுத்தினர். அதன்பின் எதிர்பாராத முடிவு எதுவாயினும் முதலில் எழுவது வியப்பல்ல, சந்தேகமே. நேர்மையாக வென்ற சிறிய அணிக்கு இழைக்கப்படும் அநீதி இது.

வீரர்களையும் நிர்வாகிகளையும் விலக்கி, கிரிக்கெட் பந்தயத்தைச் சட்டபூர்வமாக்கலாம் என்றது லோதா குழு (2016). முற்றிலும் தடுக்க இயலாதெனில் ஒழுங்குபடுத்துவதே வழி என்றது சட்ட ஆணையம் (2018). நாடாளுமன்றமோ தடையைத் தேர்ந்தெடுத்தது. மக்களவையில் ஆகஸ்ட் 20-ம் தேதியும், மாநிலங்களவையில் மறுநாளும் மசோதா நிறைவேறியது. பணப் பந்தயம் நடத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறை, ரூ. 1 கோடி வரை அபராதம். விளையாடுவோருக்குத் தண்டனை இல்லை.

செயலிகளை முடக்குவது எளிது. தொலைபேசியில் ரகசியமாக நடைபெறும் சூதாட்டம், இச்சட்டத்துக்கு முன்பும் குற்றமே, ஆயினும் ஒழியவில்லை. செயலிகளை இழந்தவர்கள் அத்தரகர்களை நாடினால், பணம் கட்டுவது யார், எவ்வளவு என்ற தடயமும் மறைந்துவிடும். தடையின் வெற்றி, மாநில போலீஸாரின் கண்காணிப்பைப் பொறுத்தே அமையும்.