களஞ்சியங்களை வெளியார் சோதிக்க வேண்டும்
சப்ரகமுவ தோட்ட மக்கள் சார்பில் எமது நிலைப்பாடு

2016 ஜூன் 5 மாலை கொஸ்கம, சாலாவ இராணுவ முகாமின் ஆயுதக் களஞ்சியம் தீப்பற்றி வெடித்தது. ஓர் இராணுவச் சிப்பாய் உயிரிழந்தார். எறிகணைத் துண்டுகள் வீட்டு முற்றங்களில் விழுந்தன. ஆயிரக்கணக்கானோர் இரவோடு இரவாக வெளியேறினார்கள். இரத்தினபுரிக்கு வரும் அவிசாவளை வீதி மூடப்பட்டது. தெஹியோவிட்ட, எஹலியகொட பக்கத்துத் தோட்டங்களுக்கு அந்த முகாம் தூர தேசமல்ல.

அதற்குப் பத்தொன்பது நாட்களுக்கு முன்னர்தான் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின. மண்ணுக்குள் தேட வந்தவர்களில் இராணுவத்தினரும் இருந்தார்கள். அந்த நன்றி எங்களிடம் உண்டு. ஆகவே நாங்கள் பேசுவது படையினருக்கு எதிராக அல்ல. யாரும் வந்து பார்க்காத களஞ்சியங்களுக்கு எதிராக.

தோட்டத்தில் ஒரு பெண் பறிக்கும் கொழுந்து கிலோக் கணக்கில் நிறுக்கப்பட்டு அன்றே பதிவாகிறது. இறப்பர் பாலும் அப்படித்தான் அளக்கப்படுகிறது. ஊருக்கு நடுவில் குவித்த வெடிபொருளுக்கு அந்த அளவு கண்காணிப்பாவது இருக்க வேண்டாமா?

ஏட்டில் 'தயார்' என்று எழுதினால் போதாது. அமெரிக்க இராணுவம் குவைத்தில் முன்கூட்டியே சேமித்து வைத்த தளபாடங்களை 2022 இல் உக்ரைனுக்கு அனுப்ப எடுத்தபோது, ஆறு ஹோவிட்சர் பீரங்கிகளும் பெரும்பாலான ஹம்வி வாகனங்களும் இயங்கும் நிலையில் இல்லை. பராமரிப்புக்கு ஒப்பந்தக்காரர் இருந்தும் அந்த நிலைதான். அதை வெளியே கொண்டு வந்தது அந்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்தின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம். அறிக்கையும் 2023 இல் பகிரங்கமானது. அப்படிச் சோதித்துப் பகிரங்கமாகச் சொல்லும் கண் ஒன்று இங்கும் வேண்டும்.

எமது கவலை எமது படையினரின் களஞ்சியங்களோடு மட்டும் நிற்பதில்லை. அமெரிக்காவுடன் படைத்தளபாட வழங்கல் தொடர்பான 'அக்ஸா' உடன்படிக்கையை இலங்கை 2007 மார்ச்சில் கைச்சாத்திட்டது; 2017 இல் புதுப்பித்தது. 2019 ஜனவரியில் அமெரிக்கக் கடற்படை தன் கப்பலுக்கான பொருட்களை மாற்றி ஏற்றக் கட்டுநாயக்க விமான நிலையத்தைப் பயன்படுத்தியது. எந்த நாட்டின் படைக்காகவும் இந்த மண்ணில் பொருள் சேமிக்கும் ஏற்பாட்டின் முழு வாசகமும் கைச்சாத்துக்கு முன் பாராளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும், மூன்று மொழிகளிலும். இதில் எமக்கு விட்டுக்கொடுப்பு இல்லை.

எமது படையினரின் வெடிபொருட் களஞ்சியங்கள் குடியிருப்புகளிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்பதை ஐக்கிய நாடுகளின் வெடிபொருள் வழிகாட்டல்களின்படி தீர்மானித்து, ஆண்டுதோறும் சுயாதீனமாகச் சோதிக்க வேண்டும். ஆயுத எண்ணிக்கையை நாங்கள் கேட்கவில்லை. ஆபத்து வந்தால் எந்தப் பாதையால் ஓடுவது, எங்கே கூடுவது என்பதைக் கிராம உத்தியோகத்தர் ஊடாகத் தமிழிலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ஏட்டில் 'தயார்' என்று எழுதினால் போதாது என்பது மீட்புத் தளபாடங்களுக்கும் பொருந்தும். மீட்புப் படகுகளையும் மண்வெட்டும் இயந்திரங்களையும் மே மாத மழைக்கு முன்னரே இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் நிறுத்தி, இயக்கிப் பார்க்க வேண்டும். அந்த ஒத்திகைக்குத் தோட்ட இளைஞர்களையும் அழையுங்கள். மலைப்பாதைகள் அவர்களுக்குத்தான் தெரியும்.