வெறுமையான சுருளை எறியலாமா?

வீட்டிலேயே படச்சுருள் கழுவப் பழகும் இளையர் சிலர், சுருள் கண்ணாடிபோல் வெறுமையாக வந்தால் உடனே குப்பையில் எறிந்துவிடுகின்றனர். தவறு எங்கே நேர்ந்தது என்பதைக் காட்டும் சான்றும் அதனுடன் போய்விடுகிறது. அடுத்த 36 படங்களும் அப்படியே வீணாகக்கூடும்.

எறியும் முன் சுருளின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். உற்பத்தியின்போதே பதிக்கப்பட்ட எண்கள் அங்கே கறுப்பாகத் தெரிந்தால், டெவலப்பர் தன் வேலையைச் செய்திருக்கிறது. தவறு கேமராவில்தான், பெரும்பாலும் சுருள் சரியாக மாட்டப்படாமல், நகராமலேயே இருந்திருக்கும். எண்களும் இல்லையென்றால், கழுவும்போதுதான் தவறு நேர்ந்திருக்கிறது. டெவலப்பருக்கு முன்பே ஃபிக்சரை ஊற்றியிருக்கலாம். அந்தப் படங்கள் இனி மீளா.

எல்லாத் தவறும் இவ்வளவு கொடியது அன்று. சுருள் பால்போல் மங்கியிருந்தால், பெரும்பாலும் புதிய ஃபிக்சரில் மீண்டும் சில நிமிடம் வைத்தாலே தெளிந்துவிடும். 400 ஐஎஸ்ஓ கறுப்பு வெள்ளைச் சுருளைக் கேமராவில் 1600 எனத் தவறாக அமைத்து எடுத்திருந்தாலும், கழுவுமுன் நினைவுக்கு வந்தால் போதும். டெவலப்பரில் கூடுதல் நேரம் வைத்துப் படங்களை மீட்கலாம். இருண்ட பகுதிகளின் நுணுக்கம் மட்டும் திரும்பாது. எடுத்த அளவைச் சுருளின் மேலேயே எழுதிவைப்போருக்கு இந்த நினைவுச் சிக்கலும் இல்லை.