பொன்னாடைப் படம் போதும், புத்தகத்தைக் காட்டுங்க

எங்கட கரையோரத்து நூலகங்கள் நடத்துற பேஸ்புக் பக்கங்களை ஒருக்கா மேலிருந்து கீழ வரைக்கும் உருட்டிப் பாருங்க. ஊர்ப் பெயர் சொல்லப்போறதில்ல. ஒன்றைப் பார்த்தா மற்றதையும் பார்த்த மாதிரித்தான். பிரதம அதிதி, பொன்னாடை, நாடா வெட்டு, பரிசளிப்பு. ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம் என்பதால அந்த மாதம் படம் குவியும். நவம்பர் வந்தா பக்கம் உறங்கிடும். இத்தனை படத்துக்குள்ளயும் ஒரு புத்தகத்தின் அட்டையைத் தேடிப் பிடிக்கிறதுதான் கஷ்டம்.

நூலகத்தின் பக்கத்தில நாங்க பார்க்க விரும்புறது அலுமாரிக்குள்ள இருக்கிறதை. விழாவுக்கு வந்தவங்களைப் பற்றி ஊருக்கு ஏற்கனவே தெரியும்.

ஒரு உதாரணம் சொல்றோம். 2023 ஒக்டோபரில காஸா யுத்தம் தொடங்கின நாளிலிருந்து மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று எங்கட ஊர்களில பலஸ்தீனத்துக்காக ஸ்டேட்டஸ் போடாத பொடியன் யாரு? எங்கிருந்தோ வந்த ஆங்கில வரிகளை, யார் எழுதினது என்று தெரியாமலே பகிர்ந்தோம். கல்முனைக்குடியில பிறந்த எம்.ஏ. நுஃமான் 1981இலேயே பலஸ்தீனக் கவிதைகளைத் தமிழாக்கி நூலாகத் தந்திருக்கிறார். எங்கட தமிழில, எங்கட ஊர் மனுசன் செய்த வேலை. அந்த நாட்களில ஒரு நூலகம் அந்தப் புத்தகத்தின் அட்டையைப் படமெடுத்து, "இது எங்களிட்ட இருக்கு, இந்த இலக்க அலுமாரியில, அங்கத்தவர் யாரும் இரவல் எடுக்கலாம்" என்று மூணு வரி போட்டிருந்தா எத்தனை பேர் தேடி வந்திருப்பாங்க? நூலகத்தில பிரதி இல்லாட்டியும் பரவாயில்ல. "யாரிட்டயாவது இருக்கா, எங்களுக்குத் தருவீங்களா" என்று கேட்கலாமே. அதுவும் ஒரு போஸ்ட்தான், நல்ல போஸ்ட்.

நுஃமான் 1969, 70களில 'கவிஞன்' என்று ஒரு இதழ் நடத்தினார். பாண்டிருப்பு சண்முகம் சிவலிங்கம், பெரியநீலாவணை நீலாவணன், மருதமுனை மருதூர்க்கொத்தன், கல்முனை சோலைக்கிளி என்று ஒரு சைக்கிள் ஓட்டத்துக்குள்ள இத்தனை எழுத்தாளர்கள் இருந்த கரை இது. இதில தமிழரும் இருக்கிறாங்க, முஸ்லிமும் இருக்கிறாங்க. கல்முனையை எப்படிப் பிரிக்கிறது என்று மேசையில சண்டை நடக்குது. நூலக அலுமாரியில இவங்கட புத்தகங்கள் ஒட்டிக்கொண்டுதான் நிற்குது. கிழமைக்கு ஒரு எழுத்தாளர் என்று போட்டாக்கூட ஒரு வருஷத்துக்குக் காணும்.

நியூயோர்க் பொது நூலகம் 2018இல இன்ஸ்டாகிராம் ஸ்டோரியிலயே முழு நாவல்களையும் பக்கம் பக்கமா வாசிக்கிற மாதிரிப் போட்டது. 'ஆலிஸ்' கதையில தொடங்கினாங்க. அவங்களிட்ட காசு இருக்கு, படம் வரைய ஆள் இருக்கு, உண்மைதான். எங்களுக்கு அவ்வளவு தேவையில்ல. சித்தி லெப்பை 1885இல வெளியிட்ட 'அசன்பே சரித்திரம்', இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று பாடசாலையில மனனம் செய்திருக்கிறோம். பரீட்சையில புள்ளியும் எடுத்திருக்கிறோம். வாசிச்ச ஆள் யாரு? நாளுக்கு ஒரு பக்கமா வட்ஸ்அப்பில அனுப்பினா, கட்டாரிலயும் சவூதியிலயும் இருக்கிற எங்கட காக்காமாரும் டியூட்டி முடிஞ்சு வந்து வாசிப்பாங்க. சித்தி லெப்பை 1898இல மரணித்தவர், அதனால உரிமைச் சிக்கலும் இல்ல. இப்ப எழுதுறவங்கட படைப்புக்கு அனுமதி வேணும்: 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுத்தாளர் மரணித்து 70 வருஷம் வரைக்கும் உரிமை இருக்கு. ஆனா எங்கட எழுத்தாளர்கள் பக்கத்துத் தெருவில இருக்கிறவங்கதானே, ஒரு கோல் எடுத்துக் கேட்டா முடிஞ்சுது.

பின்னேரத்தில வீட்டைவிட்டு வெளிக்கிட ஏலாத பொம்புளப் புள்ளைகளை நூலகம் கணக்கிலயே எடுக்கிறதில்ல. புதுசா வந்த பத்துப் புத்தகத்தின் அட்டைகளையும் ஒரே படத்தில போட்டு, "வேணும் என்றா மெசேஜ் பண்ணுங்க, எடுத்து வைக்கிறோம், தம்பியை அனுப்புங்க" என்றா போதும். 1931இல மன்னார்குடியில மாட்டு வண்டியில புத்தகம் ஏற்றிக் கிராமத்துக்குக் கொண்டுபோனாங்க. அதைத் தொடங்கிவைத்த ரங்கநாதன், புத்தகம் பாவிக்கிறதுக்கே என்பதை நூலகவியலின் முதல் விதியா வைத்த மனுசன். எங்களிட்ட மாட்டு வண்டிகூடத் தேவையில்ல.

இன்னொன்று கொஞ்சம் பாரமான விஷயம். 2018 பெப்ரவரியில அம்பாறை நகரத்தில, முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில கருத்தடை மாத்திரை கலக்கிறாங்க என்று கிளப்பின வதந்தி பேஸ்புக் வீடியோவா ஓடினது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாக்கட்டி என்று பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சொன்னார். அடுத்த மாதம் திகனயில கலவரம், அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் முடக்கியது. அந்த வதந்தி ஓடினது சிங்களத்தில. எங்கள்ல முக்காவாசிப் பேருக்கு அது வாசிக்கத் தெரியாது. நூலக வாசிப்பு மேசையில மூணு மொழிப் பத்திரிகையும் ஒன்றுக்குப் பக்கத்தில ஒன்று கிடக்குது. ஒரே செய்தியை மூணும் எப்படித் தலைப்பிட்டிருக்கு என்று, சொந்தக் கருத்து ஒரு சொல்லும் சேர்க்காம, கிழமைக்கு ஒருக்கா தமிழில போட்டா? சபை நூலகம் அரசியல் பேசக்கூடாது என்பாங்க. இதில பேச்சே இல்லையே, அச்சில இருக்கிறதை மொழிபெயர்க்கிறது மட்டும்தான்.

அப்புறம் படங்கள். 2004 டிசம்பர் 26 எங்கட கடற்கரை வீடுகளை மட்டும் கொண்டுபோகல்ல. கல்யாண அல்பம், பாடசாலைக் குழுப் படம், பழைய இதழ்கள் எல்லாம் போனது. உள்ளுக்கு இருந்த வீடுகளில, வெளிநாட்டில இருக்கிற சொந்தத்திடம் இன்னும் சில பிரதிகள் மிஞ்சியிருக்கு. பழைய படம் ஒன்றைப் போட்டு "இதில நிற்கிறது யாரு?" என்று நூலகம் கேட்டா, கமெண்டில மூத்தம்மாமாரிடம் கேட்டு வந்து பேர் எழுதுவாங்க. அதை அப்படியே விடாம ஒரு கொப்பியில பதிஞ்சு வைக்கணும், பேஸ்புக்கை நம்பி விடக்கூடாது. இதழ்கள் கிடைச்சா, 2005இலிருந்து ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்துற நூலகம் நிறுவனத்துக்கு அனுப்பிவைக்கலாம். பெயர் சொல்லக்கூடிய பெரியவங்க ஒவ்வொருத்தரா மௌத்தாகிக்கொண்டிருக்கிறாங்க. இதை மட்டும் தள்ளிப்போட ஏலாது.

ஆளணி இல்ல, மேலதிகாரியிட அனுமதி வேணும், யாரும் லைக் போடுறதில்ல என்று நூலகர்கள் சொல்றதை நாங்க கேட்டிருக்கிறோம். முதல் ரெண்டும் நியாயம். அனுமதியை ஒவ்வொரு போஸ்டுக்கும் கேட்காம, "புத்தக அட்டையும் இலக்கமும் போடுவோம்" என்று ஒரு தரம் எழுதி வாங்கினா காணும். ஆளணிக்கு ஏ.எல். எழுதிப்போட்டுப் பெறுபேறு வரும் வரைக்கும் போனோட இருக்கிற தம்பி தங்கச்சிமாரைக் கூப்பிடுங்க, நாங்களும் வாறோம். லைக்கைப் பற்றி: ஒரு போஸ்டுக்கு நாலு லைக் வந்து, அதில ஒரு ஆள் வந்து புத்தகம் எடுத்தா, இரவல் பதிவேட்டில அந்தப் பேர் ஏறும். மாசக் கடைசியில எண்ண வேண்டியது அந்தப் பதிவேட்டைத்தான்.