வேலியே பயிரை மேய்ந்தால்?

கைபேசித் திரையில் சுப்பர்மேன் உலகத்தையே அடக்கி ஆள்கிறான். நல்லவன் என்று நம்பிய வீரன் கொலைகாரனாகிறான். "இதையெல்லாம் பார்த்துப் பிள்ளைகள் கெட்டுப்போகப் போகிறார்கள்" என்ற கவலை இன்று பல வீடுகளில் கேட்கிறது. பழைய வீரனின் கதையில் ஒரேயொரு நிகழ்வை மாற்றிவிட்டு, 'அப்படி நடந்திருந்தால் என்னவாகியிருக்கும்?' என்று கேட்கும் மாற்றுலகக் கதைகள் இவை. பெரும்பாலும் இருண்டே முடிபவை. இவற்றைத் தடுக்க வேண்டுமா, படிக்க விடலாமா என்பது பற்றி என் கருத்தை இங்கே முன்வைக்கிறேன்.

முதலில் பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1972இல் சிவகாசியில் தொடங்கிய முத்து கொமிக்ஸின் 'இரும்புக்கை மாயாவி'யைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படித்த வாப்பாமார் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த மாயாவி 1962இல் பிரித்தானிய இதழொன்றில் முதன்முதலாகத் தோன்றியபோது, மறையும் சக்தியைக் குற்றம் புரியவே பயன்படுத்தினான். பிறகுதான் வீரனானான். சக்தி கிடைத்தவனெல்லாம் நல்லவனாக இருப்பான் என்று அன்றைய கதைகளும் சொல்லவில்லை. ஆகவே இருள் புதிதன்று.

இனி, நல்ல மாற்றுலகக் கதை என்ன செய்கிறது என்று பார்ப்போம். 1938இல் பிறந்த சுப்பர்மேன் கதையில், குழந்தையைச் சுமந்துவந்த விண்கலம் அமெரிக்கக் கிராமமொன்றில் விழுகிறது. 2003இல் மார்க் மில்லர் எழுதிய 'ரெட் சன்' கதையில் அதே கலம் சோவியத் நாட்டின் கூட்டுப்பண்ணையில் விழுகிறது. அங்கு வளரும் சுப்பர்மேன் தீயவன் அல்லன். பசியில்லாத, விபத்தில்லாத, ஒழுங்கான உலகத்தையே கட்ட நினைக்கிறான். ஆனால் அவனுடைய ஒழுங்கை ஏற்காதவர்களின் மூளை மாற்றப்படுகிறது. அதற்குப்பின் அவர்கள் எதிர்த்துப் பேசுவதில்லை. நல்ல நோக்கம் கொண்ட ஒருவனைக் கேள்வி கேட்க யாருமே இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதே கதை. அலன் மூரும் டேவ் கிப்பன்ஸும் 1986-87இல் படைத்த 'வாட்ச்மென்' கதையும் இதையே வேறு விதமாகக் கேட்கிறது. நம் மூத்தவர்கள் இதை ஒரே வரியில் கேட்டார்கள்: வேலியே பயிரை மேய்ந்தால்?

வன்னியில் பிறந்த நமக்கு இந்தக் கேள்வி கற்பனை அன்று. 'உங்கள் நன்மைக்காகவே' என்று சொல்லிக்கொண்டு வந்த அதிகாரங்களைப் பார்த்த மண் இது. அதனால் இக்கதைகளை அமெரிக்காவிலோ கொழும்பிலோ இருக்கும் பிள்ளையைவிட நாம் ஆழமாக வாசிக்க முடியும் என்று நம்புகிறேன்.

ஆயினும் எல்லா இருண்ட கதைகளுக்கும் நான் வக்காலத்து வாங்க வரவில்லை. 2013இல் விளையாட்டாகவும் சித்திரக்கதையாகவும் வந்த 'இன்ஜஸ்டிஸ்' கதையை எடுங்கள். ஜோக்கரின் சூழ்ச்சியால் கர்ப்பிணி மனைவி இறக்கிறாள். நகரம் அழிகிறது. துயரத்தில் சுப்பர்மேன் கொடுங்கோலன் ஆகிறான். அந்த மனைவிக்குக் கதையில் வேறு வேலை இல்லை. அவள் இறந்தால்தான் அவன் மாறலாம். பின்னாளில் சித்திரக்கதை எழுத்தாளராகப் புகழ்பெற்ற கெயில் சிமோன், 1999இலேயே இப்படிக் கொல்லப்பட்ட, முடமாக்கப்பட்ட, சக்தி பறிக்கப்பட்ட பெண் பாத்திரங்களைப் பட்டியலிட்டுக் காட்டினார். பட்டியல் நீண்டது. அதன் பிறகும் வழக்கம் மாறவில்லை.

நம் ஊரில் கதை தலைகீழானது. கணவனை இழந்த பின் தையல் இயந்திரத்தோடும் தோட்டத்தோடும் பிள்ளைகளை ஆளாக்கிய உம்மாமார் எத்தனை பேர்! துயரம் அவர்களைக் கொடுங்கோலர் ஆக்கவில்லை. இழப்பு வந்தால் மனிதன் அரக்கனாவது இயல்பு என்று ஒரு கதை சொன்னால், அது பொய் சொல்கிறது என்று நாம் துணிந்து சொல்லலாம்.

பாதிக்கப்பட்டவளின் பக்கம் நின்று பழங்கதையை மாற்றிக் கேட்பது எப்படி என்பதற்குத் தமிழிலேயே முன்மாதிரி உண்டு. புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய 'சாபவிமோசனம்' அது. இராமனால் சாபம் நீங்கிய அகலிகை, அதே இராமன் சீதையைத் தீக்குளிக்கச் செய்தான் என்று அறிந்ததும் மீண்டும் கல்லாகிறாள். அங்கே இரத்தமில்லை, வெடிகுண்டில்லை. ஆனால் சுப்பர்மேன் கதைகள் பலவற்றைவிட அது இருண்டது. ஏனெனில் கேள்வி அவளுடையது.

'நடந்ததை எண்ணி, இப்படிச் செய்திருந்தால் என்று புலம்புவது சைத்தானுக்குக் கதவைத் திறக்கும் என்று நபிமொழி இருக்கிறதே' எனச் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. விதியை நொந்து புலம்பும் 'இருந்தால்' ஒன்று. படிப்பினை தேடும் 'இருந்தால்' வேறொன்று. 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் வேரூன்றியிருந்தவர்கள் புத்தளத்து முகாம்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார்கள். 'அது நடக்காதிருந்தால்' என்ற பெருமூச்சு இன்னும் நம் வீடுகளில் உண்டு. பெருமூச்சு போன காலத்தைத் திருப்பித் தராது. ஆனால் 'ஆயுதம் வைத்திருந்தவர்களை அன்று கேள்வி கேட்க ஏன் யாராலும் முடியவில்லை? நாளை நம் கையில் அதிகாரம் வந்தால், அயலவரிடம் நாம் எப்படி நடப்போம்?' என்று கேட்டால் பயனுண்டு. நல்ல மாற்றுலகக் கதை அந்த இரண்டாவது 'இருந்தாலை'க் கேட்கப் பழக்குகிறது.

ஆகவே பெற்றோரே, கைபேசியைப் பறிக்குமுன் பிள்ளையிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்த வீரனைத் தட்டிக்கேட்பவர் கதையில் யார்? துன்பப்பட்டவர்களுக்கு வாய் இருக்கிறதா? இரண்டுக்கும் பதில் இல்லாத கதையைப் பிள்ளையே மூடிவைப்பாள். வயதுக்குப் பொருந்தாத வன்முறை நிறைந்ததை நீங்கள் மறுப்பதும் சரியே. காரணத்தைச் சொல்லி மறுங்கள்.

தோழிகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த விண்கலம் கன்சாஸிலும் அல்லாமல் சோவியத்திலும் அல்லாமல் வவுனிக்குளத்துக் கரையில் விழுந்திருந்தால்? அந்தக் குழந்தையை வளர்த்திருக்கக்கூடிய உம்மா யார், அவன் பிழை செய்தால் அவனிடம் என்ன சொல்லியிருப்பாள்? அடுத்த இதழுக்கு எழுதுங்கள்.